ஐப்பசியில் நைனாவோடு ஏறிய பாதி மலை

எங்கள் அப்பா, எங்கள் நைனா, எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவரவர் வேலையை ஒதுக்கிவிட்டு வந்து, பந்திக்கு முன்போ பின்போ இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். முன்பக்கங்களில் பெரியவர்கள் நைனாவின் நற்குணங்களை எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. நான் எழுதப்போவது, அந்த நற்குணங்களில் ஒன்றைக்கூட நம்பாமல் அவரை ஒரு மாத காலம் நான் உளவு பார்த்த கதை.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சித்தூரில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் பக்கத்தில் யாராவது நாலு தரம் இருமினால், 'ஐயோ பாவம்' என்று அவன் மனசு நினைப்பதில்லை. 'இவருக்கு நல்ல போட்டோ இருக்கிறதா' என்றுதான் நினைக்கும். இப்படிப்பட்டவன் பெற்ற தகப்பனைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நைனா பிறந்தது சத்தியவேட்டுப் பக்கம், வேர்க்கடலையும் நெல்லும் போடும் குடும்பத்தில். பதினோரு வயதில் தகப்பனாரை இழந்தார். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. பங்காருபாளையத்தில் மாங்காய் ஏற்றும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, கூடைகளின் மேலேயே படுத்துத் தூங்கி, ஓட்டுநர் அசந்த நேரங்களில் ஸ்டீயரிங்கைத் தொட்டுத் தொட்டுப் பழகினார். பிறகு லைசென்ஸ், அரசு பஸ்ஸில் வேலை, கடைசி இருபத்திரண்டு வருடம் திருப்பதியிலிருந்து திருமலைக்கு மலைப்பாதை பஸ். ஒரு நாளைக்கு மூன்று நடை, நான்கு நடை ஏறி இறங்குவார். அவர் வண்டியில் வளைவு திரும்பும்போது மடியில் இருக்கும் குழந்தைகூட விழித்துக்கொள்ளாது என்று அவரோடு வேலை பார்த்த ரெட்டெப்ப மாமா சொல்வார்.

அதே ரெட்டெப்ப மாமா சொல்லித்தான் எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு மழைநாளில் மேலே ஏறிக்கொண்டிருந்த நைனாவின் பஸ்ஸுக்கு இருபது அடி முன்னால் பாறை சரிந்து விழுந்திருக்கிறது. மேலே இன்னும் கல் உருளும் சத்தம். வண்டி நிறைய ஜனங்களோடு, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டே, நைனா அந்த நீள பஸ்ஸை அடுத்த வளைவு வரைக்கும் பின்பக்கமாகவே இறக்கியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவர், "கொஞ்சம் லேட்டாய்டுச்சி" என்று சொல்லி, சோறு துன்னுட்டுப் படுத்துவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் ரெட்டெப்ப மாமா வாய்தவறிச் சொன்னபோதுதான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. அம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை நைனா மேல் எறியாத குறை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் நைனா பொய் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லவும் மாட்டார். அம்மா காலமான பிறகு அவர் என்னோடு சித்தூருக்கு வந்துவிட்டார். அவருக்கு எழுபத்திரண்டு ஆனது. அந்த வயதில் சொல்லாத ஒன்று இருந்தால் அது பாறையாக இருக்காது, உடம்பாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

அவர் மறைவதற்கு முந்தைய ஐப்பசி அது. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டமெல்லாம் ஓய்ந்து, வானம் மூட்டமாகவே இருந்த ஒரு காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"டேய், மலைக்கு நடந்து போலாமா? நீயும் நானும் மட்டும்."

எனக்குத் தோசை இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியவர், ஒருநாள்கூடப் படியில் நடந்து போனதில்லை. அம்மா எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார். "சாமி எனக்கு பஸ்லயே தரிசனம் குடுத்துட்டாரு" என்று தட்டிக்கழித்த மனிதர்.

"இன்னா நைனா திடீர்னு? வேண்டுதலா?"

"வேண்டுதல்னா சொல்ல மாட்டனா? சும்மா."

சும்மா! எழுபத்திரண்டு வயதில் ஒருவர் சும்மா மலையேறுவாரா? அன்று முதல் கவனிக்க ஆரம்பித்தேன். நான் உள்ளே வந்தால் போனில் பேச்சு நின்றது. ஒருநாள் என் கடைக்கு எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் நின்று ஏதோ வாங்கினார், தைலம் என்றார், வீட்டில் புதுத் தைலம் எதுவும் இல்லை. நைனா குளிக்கப் போன நேரத்தில் அவருடைய பெட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று துழாவினேன். கிடைத்தது பழைய பஸ் விசில் ஒன்றும், நான் எட்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலான ரிப்போர்ட் கார்டும். அவமானம்தான் மிச்சம்.

நகரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நைனா எதையோ மறைக்கிறார்க்கா. ஹார்ட்டுன்னு நெனைக்கிறேன். சாவறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்துடலாம்னு பாக்கறாரு."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தையும் என் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பிறகு அக்கா, "கூப்டா போய்ட்டு வாயேன்டா. எதுக்கெடுத்தாலும் உனக்கு பேனர் ஞாபகமேதானா?" என்றார்.

உண்மையில் அந்தச் சமயம் பேனர் ஞாபகம்தான். நைனாவின் கடைசி நல்ல போட்டோ ஓய்வுபெற்ற அன்று எடுத்தது. அதில் பாதி முகம் மாலையில் மறைந்திருந்தது. அதைச் சரிசெய்ய முடியுமா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பெற்ற பிள்ளை செய்கிற வேலையா இது? செய்தேன். நைனா மன்னிக்கட்டும்.

ஒரு வாரநாளில் விடிகாலை பஸ் பிடித்துத் திருப்பதி போய், மலையடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைத்துப் படியில் கால் வைத்தோம். இரவு பெய்த மழையில் காடு கருத்துக் கிடந்தது. தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று பலகை. "சிறுத்தை வந்தா முதல்ல உன்னத்தான் புடிக்கும், உன்கிட்டதான் கறி கீது" என்றார் நைனா. அவர் தமாஷ் பண்ணியதும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. தமாஷ் எங்கள் வீட்டில் என் இலாகா.

அடுத்த சந்தேகம், அவர் என் பக்கத்தில் நடக்க மறுத்தது.

"நீ முன்னாடி போ."

"சேர்ந்தே போலாம் நைனா."

"முன்னாடி போடா. நான் பின்னால வந்துக்கினு இருக்கேன்."

முடியாமல்தான் பின்தங்குகிறார் என்று முடிவு கட்டினேன். அவருக்காக மெதுவாக ஏறினேன். அவருக்காக நின்றேன். அவருக்காக உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டே போனார். படி ஒன்றுக்கு மூன்று வேலை. அப்படியிருந்தும் அவரை எங்களால் முந்த முடியவில்லை. எல்லாம் நைனாவின் உடல்நிலையை உத்தேசித்து நான் காட்டிய நிதானம் என்றே நம்பினேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நைனா வேர்வைகூட இல்லாமல், வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏதாவது பேசிக்கினே ஏறு" என்றார். "ஒரு ஜோக்கு சொல்லு."

ஐம்பது வருடத்தில் என் ஜோக்கைக் கேட்டு ஒருமுறைகூடச் சிரிக்காத மனிதர், ஜோக்கு கேட்கிறார். இது விடைபெறுதல்தான், வேறென்ன? கல்யாண பேனரில் மாப்பிள்ளைக்குப் பதில் மாமனார் படத்தைப் பெரிதாக அடித்துக் கொடுத்த கதையைச் சொன்னேன். பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"இரு நைனா... சொல்றேன்."

"ஏன், மறந்துட்டியா?"

"இல்ல... வயித்துல கேஸு. காலைல அந்த வடை..."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

செங்குத்துப் படிகள் முடிகிற காலி கோபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது கீழே திருப்பதி முழுக்க மேகத்தின் அடியில் இருந்தது. நான் ஒரு தூணில் சாய்ந்தேன். நெஞ்சின் நடுவில் யாரோ பேனர் கட்டும் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டது போல இருந்தது. அது எனக்குப் புதிதல்ல. மூன்று மாதமாகவே கடை மாடிப்படி ஏறும்போது அப்படி இருக்கும். ஜீரா சோடா ஒன்று குடித்தால் போய்விடும். 'ஒரு தடவை காட்டிடுடா' என்று அக்கா மூன்று முறை சொல்லியும், 'டாக்டர்கிட்ட போனாதான் வியாதி வரும்' என்று தமாஷ் பண்ணி அனுப்பிவிட்டேன். அன்றும் வடையைத்தான் குற்றவாளி ஆக்கினேன்.

நைனா நாலடி தள்ளிப் போய் போனில் யாரிடமோ தெலுங்கில் பேசினார். "இன்னும் ஒரு மணி நேரம் ஆவும், அங்கயே இரு" என்பது மட்டும் காதில் விழுந்தது. அவர் திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டையின் முனை தெரிந்தது. கை வைத்து உருவிவிட்டேன்.

"இது யாருக்கு?"

"குடு இப்படி."

"யாருக்கு நைனா?"

"தேவப்படறவனுக்கு. குடுடா, நனையப் போவுது."

பொய் சொல்லாத மனிதர், பாருங்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "மேல நட" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு பாதை சமமாகப் போகும். மான்கள் கம்பிவேலிக்குப் பின்னால் நின்று வாழைப்பழம் வருமா என்று பார்த்தன. நான் எதையும் பார்க்கவில்லை. நைனா விழுந்தால் எப்படித் தாங்குவது, யாரைக் கூப்பிடுவது, அக்காவுக்கு என்ன சொல்வது என்று வரிசையாக ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். நடைபாதை தார்ச்சாலையை ஒட்டி வருகிற இடம் வந்தது. அங்கே, ஓரமாக, பானட்டைத் திறந்துவைத்த ஒரு கார். அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றவர் ரெட்டெப்ப மாமா!

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதுவரை போனில் பேசியது இவரிடம்தான். நைனாவுக்கு ஏதாவது ஆனால் கூட்டிக்கொண்டு போகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு கிழவர்களும் சேர்ந்து என்னிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள்.

"உனக்கு இன்னா உடம்புன்னு இப்ப சொல்லு!" என்று நடுவழியில் நின்று கத்தினேன். குங்குமம் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நான் உன் புள்ளதானே? பேனர் அடிக்கறதுக்கு மட்டும்தான் நானா? எத்தினி நாள் குடுத்துக்கீறாங்க? சொல்லு நைனா!"

நைனா என் முகத்தைப் பார்த்தார். என் இடது கை என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

"உட்காரு."

"நீ சொல்லு முதல்ல..."

"உட்காருடா. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

அந்த அட்டையிலிருந்த மாத்திரை என் நாக்குக்கு அடியில் இருந்தது. ரெட்டெப்ப மாமா பானட்டை ஒரே அடியாக மூடிவிட்டு ஓடிவந்தார். "ஏமிரா, மொகமெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சே! எக்கு, எக்கு, வண்டில ஏறு" என்று தோளில் கை கொடுத்துக் காருக்குள் தள்ளினார். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால், கெட்டுப்போன வண்டி போல வேஷம் போட்டுப் பாவம் ஒன்றரை மணி நேரம் வெயிலிலும் தூறலிலும் நின்றிருக்கிறார் மனிதர்.

இறங்கும் வழியில்தான் நைனா சொன்னார். முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே.

"மாடிப்படி ஏறும்போது உன் மூச்சு சத்தம் கீழ எனக்குக் கேக்குது. நடுவுல நின்னு போன் பாக்கற மாதிரி பாவலா பண்றே. மூணு மாசமா கேட்டுக்கினுதான் இருக்கேன். சொன்னா நீ கேக்கற ஆளா? ஜோக்கு சொல்லிட்டுப் போயிடுவே. சரி, ஏத்திப் பாத்துடலாம்னு உங்க அக்காகிட்ட சொன்னேன்."

அக்காவின் மௌனத்துக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. நான் நைனாவைப் பின்தொடர்ந்து உளவு பார்த்த அந்த ஒரு மாதமும் அவர்கள் இரண்டு பேரும் என்னை உளவு பார்த்திருக்கிறார்கள். என்னைவிடத் திறமையாக.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் பெரிய அடைப்பு. அன்று மாலையே ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த இளம் டாக்டரம்மா நைனாவை நிற்கவைத்துக் கேட்டார்:

"சந்தேகம்னா நேரா இங்க கூட்டிட்டு வரணும் பெரியவரே. மலையேத்தியா பாப்பாங்க? படியிலேயே ஏதாவது ஆயிருந்தா?"

"ஷெட்ல நிக்கற வண்டில சத்தம் தெரியாதும்மா. மேட்டுல ஏத்தினாதான் எங்க அடிக்குதுன்னு தெரியும். நாப்பது வருசப் பழக்கம்."

"இவரு வண்டியா?"

நைனா இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்புதாம்மா" என்றார். அறையைவிட்டு வெளியே போனபோது அவர் கைகள் நடுங்கியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பாறை விழுந்த அன்று நடுங்காத கைகள் என்று ரெட்டெப்ப மாமா சாட்சி சொல்லியிருக்கிறார். ஒரு மெக்கானிக்கின் புத்தியோடு எழுபத்திரண்டு வயதில் அவர் செய்தது பெரிய பிசகுதான்; தயவுசெய்து உங்கள் வீட்டில் யாரும் இப்படிச் செய்து பார்க்காதீர்கள். ஆனால் நான் வேறு எந்த வழியிலும் மாட்டியிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

அதற்குப் பின் ஏழு மாதம் நைனா நன்றாக இருந்தார். என் மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விழுங்கும்வரை எதிரில் நிற்பார். ஆனி பிறந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு வலி என்று சொன்னதேயில்லை; வேட்டியை இறுக்கிக் கட்டுவதைப் பார்த்து நான்தான் பிடித்தேன். இந்த முறை மலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். இரண்டு மாதம் இருந்தால் அதிகம் என்றார்.

உள்ளே போனேன். ஜன்னல் பக்கம் வெளிச்சமாக இருந்தது. நைனா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இன்ஃபெக்‌ஷனாம் நைனா. பத்து நாள் மருந்து துன்னா வீட்டுக்குப் போய்டலாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மூச்சைக் கேட்டுக் கண்டுபிடித்தவருக்கு என் முகம் எம்மாத்திரம்?

"சரி" என்றார். "கேக்கறவங்க எல்லாருக்கும் அதையே சொல்லு. ஆளுக்கொண்ணு சொல்லி மாட்டிக்காதே."

அவர் சொன்னபடியே செய்தேன். சத்தியவேட்டிலிருந்தும், பலமனேரிலிருந்தும், நகரியிலிருந்தும் போன் செய்த ஒவ்வொருவருக்கும் அதே பத்து நாள், அதே இன்ஃபெக்‌ஷன். ஆவணி முதல் வாரத்தில் நைனா அமைதியாகக் கண் மூடினார். பலர் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். "என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கே, நிஜமாவே இன்ஃபெக்‌ஷன்தானா?" என்று என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் சரி. மன்னியுங்கள்.

நைனாவின் இறுதி நாட்களில் அவரைத் தொட்டுத் திருப்பி, துடைத்து, மகள்களைப் போல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து தோள் கொடுத்த அவருடைய பழைய ஓட்டுநர் நண்பர்களுக்கும், குறிப்பாக வண்டிக்குப் பின்னால் சுடுகாடு வரை செருப்பில்லாமல் நடந்துவந்த ரெட்டெப்ப மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அக்காவுக்கும் நான் இன்ஃபெக்‌ஷன் என்றுதான் சொன்னேன். அவர் நகரியில் தறி வேலை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றிருந்தார். நைனா போனது வெள்ளிக்கிழமை. இந்த ஓராண்டில் அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அக்கா, 'எல்லாருக்கும் அதையே சொல்லு' என்று நைனா சொன்னதில் நீ இல்லை. அது அன்றே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல எனக்குத்தான் பயமாக இருந்தது.